எலெக்ட்ரிக் காருக்கு அடித்த பழைய ஆயில்

மரக்காணத்தில் நானும் என் கணவரும் உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறோம். இங்கே உப்புக்காற்றில் வண்டிகளின் அடிப்பாகம் துருப்பிடித்துவிடும் என்று பழைய இன்ஜின் ஆயிலை அடித்துவிடுவோம். புதிதாக வாங்கிய எலெக்ட்ரிக் காருக்கும் அவர் அப்படியே அடித்தார். பக்கத்தில் நின்று ஆயில் டப்பாவை நீட்டியது நான்தான்.

ஏழாவது மாதம், வானூர் போகும் வழியில் கார் நின்றுவிட்டது. லாரியில் ஏற்றி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனோம்.

"அடியில யாருங்க ஆயில் அடிச்சது?" என்றார் மேனேஜர்.

"நாங்கதாங்க. உப்புக்காக."

"அப்போ வாரண்டி கஷ்டம்ங்க."

அதன்பிறகு ஒரு மாதம் சர்வீஸ் சென்டருக்கு பஸ்ஸில் அலைந்தேன். ஒவ்வொரு முறையும் வேறு ஆள் இருப்பார். கதையை முதலிலிருந்து சொல்லவேண்டும். கடைசியில் ஒரு மெக்கானிக் பிரித்துப் பார்த்து, கோளாறு உள்ளே சார்ஜரில்தான், ஆயில் அங்கே போகவே இல்லை என்று எழுதிக்கொடுத்தார். வாரண்டியிலேயே சார்ஜரை மாற்றினார்கள்.

"உப்புத்தண்ணி பட்டு கெட்டுப்போனா என்னாலயும் எழுத முடியாதுங்க" என்று சொல்லித்தான் அந்த மெக்கானிக் சாவியைக் கொடுத்தார்.

இப்போது ஆயில் அடிப்பதில்லை. காரை மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, வரப்பு மேல் நடந்து உப்பளத்துக்குப் போகிறேன். வாரண்டி காருக்குத்தான் இருக்கிறது. என் முட்டிக்கு இல்லை.

– மல்லிகா, மரக்காணம்