முட்டிக்குக் கீழே மட்டை வராது

போர் மூளும் முன்பு பகை நாடுகள் செய்துகொள்ளும் உடன்பாடுகளைப் பற்றிப் படிக்கும்போது, கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு டீக்கடை எனக்கு நினைவுக்கு வரும். தொண்ணூறுகளின் நடுவில், ஹாக்கி இறுதிப் போட்டிக்கு முந்தின மாலை. நாளிதழுக்குப் போட்டிச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த நான் பக்கத்து பெஞ்சில் இருந்தேன்.

மோதவிருந்தவை இரண்டு தெரு அணிகள். போன வருட ஆட்டத்தில் இரண்டு பேருக்குக் கால் முறிந்திருந்தது. இந்த முறை கணக்கைத் தீர்த்துவிடுவதாக இரு பக்கமும் சொல்லித் திரிந்தார்கள். ஓர் அணியின் முன்களக்காரர் பந்தைத் தூக்கி அடிப்பதில் கெட்டிக்காரர். எதிரணியின் தடுப்பாட்டக்காரர் பந்தை விட்டாலும் காலை விடமாட்டார் என்று பேர்.

டீ குடிக்க வந்திருந்த தடுப்பாட்டக்காரரை முன்களக்காரர்தான் தேடி வந்தார். அவருடைய அம்மா தீப்பெட்டித் தொழிற்சாலையில் வாங்கும் சம்பளத்தில் ஓடும் வீடு. போட்டிக்கு மறுநாள் மதுரையில் ரயில்வே வேலைக்கான ஆட்டத் தேர்வு.

“நாளக் கழிச்சு அங்கன ஓடிக் காட்டணும்ல. முட்டிக்குக் கீழ ஸ்டிக் வராமப் பாத்துக்கோ.”

தடுப்பாட்டக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

“சரி. நீயும் பந்தத் தூக்கப்படாது. எங்க கீப்பருக்கு ஹெல்மெட் கெடையாது. அவன் எந்தம்பில.”

பிறகு என் பக்கம் திரும்பினார். “அண்ணாச்சி, இது பேப்பர்ல வரவேண்டாம்.”

மறுநாள் கடைசி நிமிடங்கள் வரை கோல் இல்லை. முன்களக்காரர் பந்தோடு தடுப்பாட்டக்காரரைக் கடந்தார். காலைப் பார்த்துப் போடும்படி தடுப்பாட்டக்காரரின் தெருக்காரர்கள் கத்தினார்கள். அவருடைய மட்டை பந்தை மட்டும் தேடியது, கிடைக்கவில்லை. கீப்பர் முன்னால் விழுந்து கிடந்தார். அவர் தலைக்கு மேலே கோல் வெறுமையாக இருந்தது. முன்களக்காரர் பந்தைத் தரையோடு தள்ளினார். அது கீப்பரின் காலில் கட்டியிருந்த பேடில் பட்டுத் திரும்பியது. அதே பந்தைக் கொண்டுபோய் எதிரணி கோல் போட்டது.

முன்களக்காரர் விலை போய்விட்டதாக அவர் தெருவிலேயே பேசினார்கள். அவர் பதில் சொல்லவில்லை. வென்ற தடுப்பாட்டக்காரரும் விளக்கவில்லை. அந்த மௌனத்தைவிட உறுதியான கையெழுத்தை நான் எந்த உடன்பாட்டுச் செய்தியிலும் பார்த்ததில்லை.

அடுத்த நாள் காலை ரயில் நிலையத்துக்குத் தடுப்பாட்டக்காரர் வந்தார். மதுரை ரயிலுக்குக் காத்திருந்த முன்களக்காரரின் காலை முதலில் பார்த்தார், பிறகுதான் முகத்தை. தன் மட்டையை நீட்டினார்.

“ஒன் ஸ்டிக் வெளங்காதுல. அதான் நேத்து கோல் விழல. இதக் கொண்டு போ.”

முன்களக்காரர் அதை வாங்கிக்கொண்டு, நொண்டாமல் ரயிலேறினார்.