சுத்தமான எலிகள்

ஆய்வுக்கூடத்தில் அவருக்குச் சோப்பு என்று பெயர். யாருக்கும் சோப்புப் போடத் தெரியாத மனுஷன். பதினெட்டு வருஷமாக எலி அறை அவர் பொறுப்பு. குளித்து, உடை மாற்றி, முகமூடியும் கையுறையும் மாட்டித்தான் உள்ளே போவார். தும்முகிறவர் இயக்குநராகவே இருந்தாலும் வாசலோடு சரி. அவருடைய எலிகளுக்கு ஒரு ஜலதோஷம்கூட வந்ததில்லை. அதில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை.

மனைவிக்கு வந்த நோய் விபரீதமானது. கிருமியோடு சண்டை போடவேண்டிய எதிர்ப்பு சக்தியே அவள் சிறுநீரகத்தைத் தின்றது. அதற்கான புது மருந்தை, மனிதர்களின் நோய் எதிர்ப்பு அணுக்களை ஏற்றிய பன்னிரண்டு எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது அவர் அறையில்தான். பன்னிரண்டும் பிழைத்தன. அடுத்து மனிதர்களுக்குக் கொடுக்க ஆள் தேடினார்கள். அவள் தயங்கினாள்.

"நான் வளர்த்த எலிம்மா. நம்பி வா," என்று கையெழுத்துப் போட வைத்தது இவர்தான்.

மருந்து ஆரம்பித்த மூன்றாம் வாரம் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. எப்போதோ வந்து உடம்புக்குள் அடங்கிக் கிடந்த கிருமியை மருந்து கிளப்பிவிட்டதாம். மருந்தை நிறுத்தினார்கள். காய்ச்சல் நிற்கவில்லை; நுரையீரலுக்கும் போனது.

ஆய்வை நடத்திய மேடம் அவரை உட்காரவைத்துச் சொன்னார். "நம்ம எலிங்க ஒரு கிருமியையும் பார்த்ததில்லண்ணே. அதோட எதிர்ப்பு சக்தி பொறந்த குழந்தையோடது மாதிரி. நாப்பது வருஷம் வாழ்ந்த உடம்பு வேற."

மேடம் யாரையும் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அறையை அப்படித் துடைத்துத் துடைத்து வைத்த கையைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

பிறகு, அறை எலிகளுக்கும் கிருமி பழகட்டும் என்று தானியக் கிடங்கிலிருந்து எலிகள் வந்தன. அவற்றை அவரே பன்னிரண்டு வெள்ளை எலிகளின் கூண்டுகளில் சேர்த்துவிட்டார்; அவளிடமும் சொன்னார். அறை நாறியது. வெள்ளை எலிகள் தும்மின, இளைத்தன, ஒருவழியாகத் தேறின. அப்புறம் அதே மருந்து, அதே காய்ச்சல். கடைசியில் சோதனை மனிதர்களுக்கு நடந்ததோடு ஒத்துப்போகிறது என்று மேடத்துக்குச் சந்தோஷம்; அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மருந்தை நிறுத்திய பிறகும் பன்னிரண்டில் பதினொரு எலிகள் செத்தன.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அவள் கண்ணைத் திறந்தாள். பேச மூச்சு வாங்கியது.

"என்னங்க, மருந்த நிறுத்தினப்புறம் அந்த எலிங்க பொழைச்சுதா?"

"ஒண்ணு நல்லாயிருக்கு," என்றார்.

எத்தனையில் ஒன்று என்று அவள் கேட்கவில்லை.