நல்ல விளக்கு ஹாலுக்கு இல்லை

இன்று எங்கள் வீட்டுக்கு முதல் எல்.இ.டி. சீலிங் விளக்கு வந்தது. இப்போதைக்கு ஒன்றுதான்.

வயரிங் செய்ய பாகலூரிலிருந்து வந்த மஞ்சுநாத் அண்ணா, என்னைக் கேட்காமலேயே ஹாலில் ஏணியைப் போட்டார்.

"அண்ணா, அது கிச்சனுக்கு. மேடைக்கு நேர் மேல போடுங்க."

"கிச்சனுக்கு எதுக்கும்மா? ஹால்ல போட்டாத்தான வர்றவங்க பாப்பாங்க!"

என் கணவரும் தலையாட்டினார்.

கிச்சன் டியூப்லைட் என் முதுகுக்குப் பின்னால், கதவுக்கு மேலே இருக்கிறது. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் பஸ்ஸைப் பிடிக்க விடியுமுன் எழுந்து காய் நறுக்கினால், என் நிழலே பலகையில் விழும். இடது கட்டைவிரலில் இன்னும் பிளாஸ்திரி இருக்கிறது.

"கம்பெனில ஸ்க்ரூ முடுக்குற டேபிளுக்கு நேர் மேல லைட் போட்டிருக்காங்கண்ணா. அந்த ஸ்க்ரூவுக்கு இருக்கற மதிப்பு என் விரலுக்கு இல்லையா?"

"அங்க பாயிண்ட் இல்லம்மா. வெளிய தெரியற மாதிரி பைப் ஓட்டணும். அசிங்கமா இருக்கும்."

"இருக்கட்டும். ஓட்டுங்கண்ணா."

ஓட்டினார். சுவிட்சைப் போட்டேன். பலகையில் என் நிழல் இல்லை.

விளக்கைப் பார்க்க விரும்புகிறவர்கள் தாராளமாக வரலாம். கிச்சனில் உட்கார வைத்து, உரிக்க வெங்காயமும் தருவேன். தலையாட்டியவர் ஏற்கெனவே உரித்துக்கொண்டிருக்கிறார்.

உங்கள் வீட்டில் நல்ல விளக்கு எந்த அறையில் எரிகிறது? அதை யார் முடிவு செய்தார்கள்?