வண்டிக்கு முன்பே இழுத்த லைன்

கல்லல் ஊரில் ஒரு வீட்டு மாடியில் சோலார் பலகைக்குச் சட்டம் முடுக்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது; எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. வேலை நேரத்தில் விடாமல் அழைக்கிறவர்கள் மேல் எனக்கு எப்போதும் எரிச்சல்தான். "என்னண்ணே, ஏணியில நிக்கிறேன்" என்றேன். அழைத்தது டிரைவர் ஆறுமுகம் அண்ணன். "தம்பி, ராக்கு அக்கா போயிட்டாக. நெஞ்சு வலிக்குதுன்னாக, ஆஸ்பத்திரி போற வழியிலயே..." என்றார்.

"எந்த வண்டியில கூட்டிக்கிட்டுப் போனீக?" என்று கேட்டேன். செத்துப்போன செய்திக்குக் கேட்கிற கேள்வியா அது? ஆனால் அதுதான் வந்தது.

"கரண்டு வண்டியிலதான்."

காரைக்குடியில் வாடகைக் கார் விட்டவர்களில் அக்காவைத் தெரியாதவர்கள் குறைவு. ராக்கம்மாள் என்ற முழுப்பெயர் இரங்கல் சுவரொட்டியைப் பார்த்துத்தான் பலருக்குத் தெரிந்திருக்கும். கணவர் விட்டுப்போன மூன்று டீசல் கார்களை வைத்து அவர் எப்படித் தொழில் நடத்தினார் என்பது கார் ஸ்டாண்டில் உள்ளவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்குத் தெரிந்த அக்கா வேறு. நான் மின்னியல் படித்துவிட்டு வீடுகளுக்கு சோலாரும் கார் சார்ஜரும் பொருத்துகிறவன். அவர் என் வாடிக்கையாளர். அதிலும் மோசமான வாடிக்கையாளர். வாரம் தவறாமல் கேள்வி கேட்பார், ஒன்றும் வாங்கமாட்டார்.

"கரண்டு வண்டியில கிலோமீட்டருக்கு இவ்வளவு மிச்சம்னு நீ சொல்றதெல்லாம் சரி தம்பி. மொதல்ல வண்டிய வாங்கணும்ல? டாக்டரு வாங்கியிருக்காரு, வக்கீலு வாங்கியிருக்காரு. அவுக வாங்குனா அது அவுக வீட்டுக்குத்தான் வந்துருக்கு. நம்ம ஆறுமுகம் என்னைக்கு வாங்குறானோ, அன்னைக்குத்தான் ஊருக்கு வந்துருக்குன்னு அர்த்தம்."

"வெல எறங்கும்தான்க்கா, ஆனா அதுவரைக்கும் டீசல் ஊத்தியே கரைஞ்சு போயிருவீக" என்றேன்.

நான் சும்மா சொல்லவில்லை. வாடகையை ஏற்றினால் ஆள் வரவில்லை. ஏற்றாவிட்டால் டீசலுக்கே பற்றவில்லை. ஒரு கார் ஏற்கெனவே ஷெட்டில் படுத்துவிட்டது. இன்னொன்றும் படுத்தால் தொழிலை மூடிவிடுவேன் என்று அக்காவே சொல்லியிருந்தார். மூடினால் டிரைவர்கள் திருப்பூருக்குப் போக வேண்டியதுதான்.

அந்தச் சமயத்தில்தான் கொத்தமங்கலத்திலிருந்து அக்காவுக்கு அழைப்பு வந்தது. அங்கே ஒரு பெரிய வீட்டு ஆச்சி, சென்னையில் இருப்பவர், விசேஷத்துக்கு மட்டும் வந்து வீட்டைத் திறப்பார். ஊருக்கு வந்தால் ஓட்டிக்கொள்ள என்று எலெக்ட்ரிக் கார் ஒன்று வாங்கி அங்கேயே நிறுத்தியிருந்தார். இந்த முறை ஒரு கல்யாணத்துக்கு வந்து பார்த்தால் கார்க் கதவுகூடத் திறக்கவில்லை. பேட்டரி செத்துவிட்டது, மாற்றினால் பாதி கார் விலை ஆகும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். "அடிமாட்டு வெலதான் சொல்றேன், எடுத்துக்க ராக்கு, இதைக் கட்டி அழ என்னால ஆகாது" என்றார் ஆச்சி.

அக்காவோடு நான் போய்ப் பார்த்தேன். வீட்டைப் பூட்டிப் போகும்போது மெயினை அணைத்துவிட்டுப் போவது அந்த வீடுகளில் வழக்கம். காவல்காரர் அதையேதான் செய்திருக்கிறார். சார்ஜர் காரில் மாட்டியபடி இருக்கிறது, மெயினில் கரண்டு இல்லை. மாதக்கணக்கில் அப்படியே நின்றதில் கதவுக்கும் திரைக்கும் உயிர் கொடுக்கிற சின்ன பேட்டரி காலியாகிவிட்டது. அதற்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்ததும் திரை எரிந்தது. வண்டியை ஓட்டுகிற பெரிய பேட்டரிக்கு ஒரு குறையும் இல்லை.

அக்காவைத் தூண் பக்கம் இழுத்துப் போனேன். "சின்ன பேட்டரி மட்டும்தான்க்கா. வாயத் தொறக்காம வாங்கிருங்க."

அக்கா நேராக ஆச்சியிடம் போனார். "ஆச்சி, வண்டி நல்லாத்தான் இருக்காம். அறியாத்தனமா மெயின அணைச்சுருக்காக. சின்ன பேட்டரி மாத்துனா ஓடுமாம்."

"அப்படியா? அப்ப நானே வச்சுக்கிறேன்" என்றார் ஆச்சி.

திரும்பி வரும் வழியெல்லாம் கத்தினேன். "உங்களுக்குக் கிறுக்கா? கையில வந்த வண்டி!"

"அந்த ஊருல பத்து வீட்டுக்கு நாந்தேன் வண்டி அனுப்புறேன். இவுகளுக்கு ஒரு நா தெரிஞ்சா பத்து வீடும் போயிரும். நீயா வந்து ஓட்டுவ?"

"தெரிஞ்சாத்தானே!"

"நீ இருக்கியேடா. ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவ."

ஆறுமுகம் அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுவாரமே அக்கா கூப்பிட்டார். ஷெட்டில் சார்ஜருக்குத் தனி லைன் இழுக்க வேண்டுமாம். "வண்டியே இல்லையேக்கா, லைன் எதுக்கு? கொடி கட்டித் துணி காயப்போடவா?" என்றேன்.

"வெல எறங்கும்னு நீதானே சொன்ன? எறங்குறப்ப நம்ம கையக் கட்டிக்கிட்டு நிக்கக் கூடாதுல்ல. அவசரப்படாத, ஆனா லைன இழுத்து வையி."

கடுப்போடுதான் இழுத்தேன். அந்த முனை மாதக்கணக்கில் சும்மா தொங்கியது. அதைப் பார்க்கும்போதெல்லாம் கொத்தமங்கலத்துக் கார் ஞாபகம் வந்து பல்லைக் கடிப்பேன்.

ஆனால் விலை இறங்கத்தான் செய்தது. பேட்டரி மலிந்தது. ஒரு கம்பெனி விலையைக் குறைத்தால் எதிர்க் கம்பெனியும் குறைத்தது. சின்னக் கார்களும் வந்தன. புதுக் கார் மலிந்ததும் பழைய காரைக் கேட்க ஆள் இல்லை. ஆச்சி மறுபடி போன் செய்தார். புரோக்கர் கேட்கிற விலையைக் கேட்டால் அழுகை வருகிறது, நீயே எடுத்துக்கொள் என்றார். செத்த வண்டி என்று நினைத்தபோது அவர் சொன்ன விலையைவிட, நல்ல வண்டிக்கு இப்போது சொன்ன விலை குறைவு. சாவியைக் கொடுக்கும்போது ஆச்சிக்கே சிரிப்பு. "அன்னைக்கு நீ பொய் சொல்லி வாங்கியிருந்தா எனக்கு இதைவிடக் கூடக் கெடைச்சிருக்கும் ராக்கு!"

குன்றக்குடி அடிவாரத்தில் பூஜை போட்டோம். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்துவிட்டு, "ஸ்டார்ட் பண்ணுங்கோ" என்றார் அய்யர். ஆறுமுகம் அண்ணன் ஸ்டார்ட் செய்துவிட்டுக் காத்திருக்கிறார். அய்யரும் காத்திருக்கிறார். "என்னம்மா, ஸ்டார்ட் ஆகலியா?" "ஆயிருச்சு சாமி. அமைதியான புள்ள, சத்தம் போடாது" என்றார் அக்கா. என் பக்கம் திரும்பி, "ஒன்னைய மாதிரி இல்ல" என்றார்.

அன்று முதல் கொத்தமங்கலம் வாடகையெல்லாம் அந்தக் காரில்தான் ஓடியது. தொழிலை மூடவில்லை. யாரும் திருப்பூருக்குப் போகவில்லை.

இதை நேர்மைக்குக் கிடைத்த பலன் என்று இரங்கல் கூட்டத்தில் ஒருவர் பேசினார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விலை இறங்கியது, அவ்வளவுதான். இறங்காமல் இருந்திருந்தால்? இரண்டாவது காரும் படுத்திருந்தால்? அக்கா இருந்தபோதே இதை அவரிடம் கேட்டிருக்கிறேன். "இருந்திருந்தா மூடியிருப்பேன். அதுக்காக ஆச்சிக்கிட்ட பொய் சொல்லணுமா?" என்றார். அது எனக்கு அன்றைக்கும் பதிலாகப் படவில்லை. இன்னொரு தடவை உட்கார்ந்து சண்டை போட ஆள் இல்லை என்பதுதான் இப்போது என்னை இருக்கவிடாமல் அடிக்கிறது.

காரியம் முடிந்த பிறகு ஆறுமுகம் அண்ணன் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். முன்பக்கம் புதிதாகச் சுவர் எழுப்புகிறார். பூசுவதற்கு முன்னால் கார் சார்ஜருக்கு ஒரு குழாய் பதித்துவிட வேண்டுமாம்.

"வண்டி எங்கண்ணே?"

"இப்ப எங்குட்டு வாங்குறது? இன்னும் கொஞ்சம் எறங்கட்டும். அக்கா சொல்லுவாகள்ல."

கடன் போட்டாவது இப்பவே வாங்குங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். என் பேச்சு எப்போதும் அதுதான். சொல்லவில்லை. சுவரைக் கொத்திக் குழாய் பதித்து, மெயினிலிருந்து தடித்த வயராகவே இழுத்துவிட்டு, முனையில் டேப் சுற்றினேன்.

அக்காவுடைய பொறுமை எனக்கு வராது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த ஒரு வேலையைத்தான். இப்போது வயரிங்குக்கு எந்த வீட்டுக்குப் போனாலும், வாசலில் சைக்கிள் மட்டும் நின்றாலும், காருக்கு ஒரு லைன் இழுத்து வைத்துவிட்டுத்தான் வருகிறேன்.