உப்புப் போடாத கடைசல்

வெங்கடலட்சுமி வயலுக்குப் போனால் வெறுங்கையோடு திரும்ப மாட்டாள். காரமடையிலிருந்து நொய்யல் கரைக்கு வாக்கப்பட்டு வந்த நாள் முதல், களை எடுக்கும்போதே கண்ணில் பட்ட கீரையை ஒடித்து மடியில் கட்டி வருவது அவள் வழக்கம். தொண்ணூற்றாறில் களைகூட முளைக்கவில்லை. ஆற்றின் மேலே சாயப்பட்டறைகள் வந்தபின் கிணற்றுத் தண்ணீர் கரித்தது, மஞ்சள் கருகியது. மூன்று ஏக்கரும் உப்புப் பூத்து வெளுத்துக் கிடந்தது. இருபத்தாறு வருஷம் உழைத்ததெல்லாம் அதில்தான்.

அந்தப் பொட்டலில் புதுசாக ஒரு செடி படர்ந்தது. சிவந்த தண்டு, சுண்டுவிரல் போலத் தடித்த இலை, கிள்ளினால் சாறு, கணுவுக்குக் கணு இளஞ்சிவப்பில் பொடிப்பூ. பருப்புக்கீரை என்று நினைத்துக் கடைந்தாள். வாயில் வைக்க முடியவில்லை. உப்பை இரண்டு தரம் போட்டுவிட்டாய் என்று புருஷன் சுந்தரராஜுலு கடிந்துகொண்டார். மறுநாள் உப்பே போடாமல் கடைந்தாள். அப்போதும் கரித்தது.

பக்கத்து வீட்டு டீச்சர் அருள்செல்வி தூத்துக்குடிக்காரி. செடியைப் பார்த்ததும், எங்கள் ஊர் உப்பளக் கரையில் கிடப்பதாயிற்றே, இங்கே எப்படி வந்தது என்று கேட்டாள். கடல் எங்கே, நொய்யல் எங்கே?

அந்த வாரமே நரசிம்மலு வந்தான். புருஷனுக்குச் சித்தப்பா மகன், சாயப்பட்டறை முதலாளி. பட்டறைகளை எதிர்த்துக் கலெக்டருக்கு ஊரார் கொடுத்த மனுவிலிருந்து அண்ணன் விலகிக்கொள்ள வேண்டுமாம், நிலத்துக்குக் கேடில்லை என்று ஒரு கையெழுத்தும் வேண்டுமாம். சொந்தக்காரன் கேட்டால் மறுக்கத் தெரியாத மனுஷன், பேனாவை வாங்கியே விட்டார். அந்தக் கையெழுத்து விழுந்தால் நிலமும் போச்சு, நியாயம் கேட்கிற வாயும் போச்சு. அடிமடியிலேயே கை வைத்துவிட்டான்.

வெங்கடலட்சுமி சண்டைக்குப் போகவில்லை. சாப்பிட்டுவிட்டு எழுதலாம் என்று சொல்லி, அந்தச் செடியையே உப்பில்லாமல் கடைந்து இலை போட்டாள். சோற்றின் மேல் அந்தக் கடைசலை ஊற்றினாள். ஒரு வாய் வைத்தவன் முகம் சுளித்தான்.

"உப்புத் தூக்கலா இருக்குதுங்க அண்ணி."

"நான் ஒரு கல்லுகூடப் போடலீங்க தம்பி. உங்க பட்டறைத் தண்ணியில வந்த உப்பு. எலையில ஒண்ணும் மிச்சம் வெக்காம தின்னுபோட்டு எந்திரிங்க. அப்புறம் உங்கண்ணன் கையெழுத்துப் போடுவாரு."

நரசிம்மலு இரண்டாவது வாய் அள்ளவில்லை. தண்ணீர் கேட்டான். கிணற்றுத் தண்ணீரைச் சொம்பில் வைத்தாள், அதையும் குடிக்காமல் நகர்த்தினான். சுந்தரராஜுலு சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போடாமலே காகிதத்தை நாலாக மடித்துத் தம்பியின் சட்டைப்பையில் செருகினார். இலையில் உட்கார்ந்தவனை எழுப்பும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

"எந்திரி தம்பி," என்றார். "கையக் கழுவு."