நீராவி வால்வுக்கு நான் வைத்த நேரம்

ஒருவரின் கால்கள் வெந்துபோனதற்கு நான் காரணம். விசாரணையில் அதை மறைத்தேன். பழி அவர் மேல் விழுந்தபோது பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். எங்கள் முறை இதுதான். ஒரு தொழிலகத்தில் வேலை எப்படி நடக்கிறது என்பதை முதலில் படமாக வரைவோம். பிறகு அந்தப் படத்தைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனியே ஓடும் ஒரு சிறு நிரலாக, அதாவது ஒரு சேவையாக, எழுதுவோம். ஒரு சேவை தன் வேலையை முடித்ததும் அடுத்ததற்குச் செய்தி அனுப்பும். ஒருமுறை எழுதியதை வேறு தொழிலகத்திலும் அப்படியே பொருத்திவிடலாம். அதில் எனக்குக் கர்வம் இருந்தது.

பக்கத்துப் பாசிர் கூடாங்கில் ரசாயன டேங்குகளைக் கழுவும் இடம் ஒன்று எங்களிடம் வந்தது. வெந்நீர் பாய்ச்சுவார்கள். தண்ணீரை நிறுத்திய பின் ஓர் ஆள் உள்ளே இறங்கி, ஒட்டியிருக்கும் கசடைச் சுரண்டுவார். அவர் வெளியே வந்ததும் கீழ் வால்வு வழியாக நீராவியை ஏற்றுவார்கள். இறங்குகிறவர் தன் மோட்டார் சைக்கிள் சாவியைக் கட்டுப்பாட்டு அறையின் ஆணிகளில் ஒன்றில் மாட்டிவிட்டுப் போவது அங்கே வழக்கம். சாவி தொங்கும்வரை வால்வில் யாரும் கை வைக்க மாட்டார்கள். இது எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை.

எதற்கு என்று சுரண்டுகிறவரிடமே கேட்டேன். அருகிலுள்ள மாசாய் ஊர்க்காரர், முப்பதைத் தாண்டியவர், எதற்கும் சிரிப்பவர்.

"சாவி அங்க இருந்தா நான் உள்ள இருக்கேன் சார். மோட்டார விட்டுட்டு மாசாய்க்கு நடந்தா போவேன்? பொண்டாட்டி வேற எவ வீட்லயோ இருந்தேன்னு சொல்லிருவா லா."

புரிந்துகொண்டேன். புரிந்துகொண்டும் என் படத்தில் அதற்கு இடம் கொடுக்கவில்லை. மனிதன் வெளியே வரும்வரை காத்திருக்கும் சேவை எனக்குப் பிடிக்காது. அது காத்திருந்தால் அதன் பின்னால் இருக்கும் எல்லாமே நிற்கும். புதிதாக எழுதவும் வேண்டும், ஒப்படைக்கும் நாளோ நெருங்கிவிட்டது. ஆகவே ஆள் வழக்கமாக உள்ளே இருக்கும் நேரத்தை அளந்தேன். அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்தேன். தண்ணீர் நின்று அவ்வளவு நேரம் ஆனதும் வால்வு தானாகத் திறக்கும்படி செய்தேன். ஆணிகள் இனித் தேவையில்லை என்று மேலாளரிடம் சொன்னதும் நான்தான். மறுநாளே அவற்றைப் பிடுங்கிவிட்டார்கள்.

பல மாதங்கள் எதுவும் நடக்கவில்லை. மேலாளர் என்னைப் பாராட்டி விருந்து வைத்தார். ஆனால் நான் அங்கே போகும் நாட்களில், டேங்கின் வாயிலிருந்து ஒரு தலை வெளியே வரும்வரை எங்கும் நகராமல் நிற்பேன். ஏன் நிற்கிறேன் என்று எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு பிற்பகலில் கசடு பிசின்போல் பிடித்துக்கொண்டது. அவர் வழக்கத்தைவிட அதிக நேரம் சுரண்டிக்கொண்டிருந்தார். வால்வு திறந்தது. வெளியே இருந்தவர்கள் கையால் மூடுவதற்குள் இடுப்புக்குக் கீழே வெந்துவிட்டது.

விசாரணையில் என்னிடம் ஒரே கேள்வி கேட்டார்கள். நான் வைத்த நேரம் போதுமானதா? "போதுமானது" என்றேன். அளவுக்கு மீறி உள்ளே இருந்தது அவர் தவறு என்று முடிவாயிற்று. அவர் வேலை போனது. உள்ளே தூங்கிவிட்டவன், விதியை மீறியவன் என்ற பெயர் அவரோடு வீடு வரைக்கும் போனது.

ஓய்வு பெற்ற பிறகுதான் உண்மையைச் சொல்லத் துணிந்தேன். விசாரித்த அலுவலகத்தில், முடிந்துபோன விஷயம் என்று திருப்பி அனுப்பினார்கள். மாசாயில் அவர் வீட்டைத் தேடிப் போனேன். கூடத்தில் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தார். முழுவதையும் சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"எங்கிட்ட சொல்லி என்ன சார் ஆவப் போவுது? அவகிட்ட சொல்லுங்க. இன்னும் நான்தான் தூங்கிட்டேன்னு நெனச்சிட்டு இருக்கா."

சமையலறையிலிருந்து அவர் மனைவி வந்தார். அவரிடமும் சொன்னேன். கணவனைப் பார்த்தார்.

"இத்தன வருசமா இவர நான் பேசாத பேச்சில்ல" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க செஞ்சது வேற எங்கயாச்சும் ஓடுதா சார்?"

நான் எதிர்பார்த்து வராத கேள்வி. இதே சேவையை வேறு இரண்டு இடங்களில் பொருத்தியிருந்தேன். எந்தெந்த இடம் என்று சொன்னேன். இரண்டாவதைச் சொன்னதும் அந்த அம்மா குறுக்கிட்டார்.

"அங்கதான் என் தம்பி டேங்க் கழுவுறான்."

மறுநாளிலிருந்து அந்த இரண்டு இடங்களுக்கும் அலைந்தேன். முதல் இடத்தில் ஒரு மேலாளர் முழுவதையும் கேட்டுவிட்டு, என் கண்ணெதிரே அதை நிறுத்தி, வால்வை மீண்டும் கையால் திறக்கும்படி மாற்றினார். இரண்டாவது இடம் கைமாறியிருந்தது. நான் எழுதியதை இன்னும் பெரிய மென்பொருள் ஒன்று விழுங்கியிருந்தது. அங்கிருந்த இன்ஜினியர் மரியாதையாகத்தான் பேசினார்.

"அங்கிள், அந்த சர்வீஸ் எதுக்குள்ள இருந்து ஓடுதுன்னே எங்களுக்குத் தெரியல. தேடி நிறுத்தினா கூட என்னென்ன நிக்கும்னு சொல்ல முடியாது. பாஸ் ஒத்துக்க மாட்டார் லா."

பலமுறை போனேன். எச்சரிக்கைப் பலகை ஒன்றை மாட்டினார்கள். அதற்குப் பிறகு காவலாளி என்னை உள்ளே விடவில்லை.

போன வாரம் அந்த அம்மா தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பிய அங்கருந்து நிறுத்திட்டேன் சார். சிங்கப்பூர்ல வேல பாத்துக்கிட்டான்." பிறகு கேட்டார். "அவன் எடத்துக்கு ஆள் எடுத்திருப்பாங்க இல்ல?"

எடுத்திருப்பார்கள் என்றேன்.