உங்களுக்குக் கரண்ட் இருக்கா?

எங்கள் வீட்டில் மெயின் சுவிட்சை அணைத்தாலும் ஒரு பல்ப் மட்டும் அணையாது. சுவரில் அடித்த சாமித் தட்டுக்கு மேலே எரியும் சின்னச் சிவப்பு பல்ப் அது. முருகன் படத்துக்குப் பக்கத்தில் அப்பாவின் படம் இருக்கிறது. அதன் மேலும் அந்த வெளிச்சம்தான் விழும். அப்பாவின் காரியம் முடிந்த அன்று, இந்த லைட்டை இனி அணைக்கவே கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள்.

எனக்கு எதையும் நோண்டிப் பார்க்காவிட்டால் சோறு இறங்காது. மெயினை அணைத்த பிறகும் இது எப்படி எரிகிறது என்று அம்மாவைக் கேட்டிருக்கிறேன். "அது சாமி லைட்டு. அப்பிடித்தான் எரியும். ஒனக்கு எல்லாத்துலயும் ஒரு கேள்வி" என்பாள்.

ஆனால் அந்த லைட்டால் எங்களுக்கு ஒரு பெரிய உபகாரம் இருந்தது. எங்கள் ஊர் மஹய்யாவயில் கரண்ட் போனால் எல்லோரும் முதலில் செய்வது, பக்கத்து வீட்டைப் பார்த்து "உங்களுக்குக் கரண்ட் இருக்கா?" என்று கத்துவதுதான். இருக்கு என்று பதில் வந்தால் கோளாறு நம் வீட்டில். எங்களால் அப்படிக் கேட்க முடியாது. பக்கத்து வீடு சித்தப்பா வீடு. தாத்தா கட்டிய ஒரே வீட்டை அப்பாவும் சித்தப்பாவும் பங்கு பிரித்து, ஹோலுக்கு நடுவே சுவர் எழுப்பி, அந்தச் சண்டையில் பேச்சை நிறுத்திப் பத்துப் பன்னிரண்டு வருடமாகிறது. அப்பா இறந்தபோதுகூட சித்தப்பா ரோட்டோரமாகத்தான் நின்றார். சுடுகாடு வரை நடந்தார், வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. அதனால் கரண்ட் போனால் நாங்கள் சாமி லைட்டைப் பார்ப்போம். அது எரிந்தால் எங்கள் வீட்டுக் கோளாறு. அதுவும் அணைந்திருந்தால் தெருவுக்கே இல்லை. இந்தக் கணக்கு ஒரு நாளும் பிசகியதில்லை. ஏன் என்று யோசித்து எனக்கு மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

போன வருடம் மீட்டரை இடம் மாற்ற வேண்டிவந்தது. எங்கள் மீட்டரும் பியூஸ் போர்டும் சமையலறைக்குப் போகும் நடையில் இருந்தன. மீட்டர் பார்க்க வருபவர் மாதாமாதம் எங்கள் ஈரத் துணிகளை விலக்கிக்கொண்டுதான் உள்ளே வருவார். வெளியே நின்றே பார்க்கிற மாதிரி முன்சுவருக்குக் கொண்டுவரச் சொல்லிக் கரண்ட் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. பலகையும் மழை ஈரத்தில் உப்பி, பீங்கான் பியூஸ்கள் பல் ஆடுவதைப் போல ஆடிக்கொண்டிருந்தன. மீட்டரைக் கழற்றி மாட்டுவது கரண்ட் கந்தோர் ஆட்களின் வேலை. அவர்கள் வருவதற்கு முந்திய நாள் வீட்டு வயர்களை ஒழுங்குபடுத்த, கலஹாப் பக்கத்திலிருந்து வயரிங் வேலை செய்யும் கரண்ட் பாஸ் ஒருவர் வந்தார்.

பாஸ் மெயினை அணைத்தார். பிரிட்ஜ் நின்றது, பேன் நின்றது. சாமி லைட் வழக்கம்போல எரிந்தது. அவர் அதை அண்ணாந்து பார்த்தார். ஏணி போட்டு ஏறி டெஸ்டரை வைத்துப் பார்த்தார். சீலிங் பலகை ஒன்றைத் தள்ளி, டோர்ச் அடித்து வயர் போகும் வழியைத் தேடினார். நானும் ஏணிக்குக் கீழே நின்று கழுத்து வலிக்க எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, இது ஒங்க கரண்டே இல்ல. நடுச் செவத்துக்கு மேலால அந்த வீட்டுல இருந்து வருது."

பங்கு பிரித்தபோது அலுமாரி, அண்டா, சாமிப் படம் வரை பிரித்தார்கள். சீலிங்குக்கு மேலே ஓடிய இந்த ஒரு வயரை மட்டும் விட்டுவிட்டார்கள். எனக்கு வந்த சந்தோஷத்தில் கை தட்டியிருப்பேன். அம்மாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"ரெண்டு வீட்டு கரண்ட் ஒரு வீட்டுக்குள்ள இருந்தா நாளைக்கு வர்றவங்க மீட்டர மாட்ட மாட்டாங்க" என்றார் பாஸ். "வெட்டித்தான் ஆகணும். ஆனா அவங்க மெயின அணைக்காம நான் இதுல கை வைக்க மாட்டேன். போய்ச் சொல்லிட்டு வாங்க."

யார் போவது? அம்மா புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு அப்பாவின் படத்தையே பார்த்தாள். எனக்குச் சித்தப்பாவின் மேல் இருந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அந்த ரோட்டோரத்தை நான் மறக்கவில்லை. ஆனாலும் அவருக்கு இது தெரியுமா என்று அறிந்துகொள்ளும் ஆசை கோபத்தை ஜெயித்துவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்த சித்தி விலகி வழிவிட்டார். சித்தப்பா கதிரையில் பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். பேப்பரை மடித்தார்.

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"செவர் கட்டின வருசத்துல இருந்து. மொதல்ல கோவத்துல ரெண்டு தடவ புடுங்கி விட்டேன். தூக்கம் வரல. திரும்ப மாட்டிட்டேன்."

அந்த இரண்டு தடவையும் எனக்கு நினைவிருந்தது. சாமிக் குத்தம் என்று பதறி அம்மா ஒரு வாரம் விரதம் இருந்தாள். சிரிப்பு வந்தது.

"ஏன் சித்தப்பா ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னா வெட்டணுமே, புள்ள."

அவர் எழுந்து மெயினை அணைத்தார். பிறகு நான் கூப்பிடாமலே என் பின்னால் வந்து, எங்கள் வாசலில் நின்றுவிட்டார்.

"உள்ள வாங்க தம்பி" என்றாள் அம்மா. அதற்குள் அவள் சாமித் தட்டில் நல்லெண்ணெய் விளக்கை ஏற்றியிருந்தாள். அப்பா ஒரு நாள்கூட இருட்டில் இருக்கக் கூடாதாம். பாஸ் ஏணியில் ஏறி வயரை வெட்டும் வரை சித்தப்பா அப்பாவின் படத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அழுதார். அம்மா தேத்தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுப் போய்விட்டார். அப்பாவுக்கும் இந்த வயர் விஷயம் தெரிந்திருந்ததா என்று அவரிடம் கேட்க மறந்துபோனேன்.

மறுநாள் மீட்டர் முன்சுவருக்கு வந்தது. கதவுக்கு உள்பக்கம் புதுப் பெட்டியில் ட்ரிப் சுவிட்ச் ஏறியது. சாமி லைட்டும் எங்கள் கரண்டில் எரிந்தது. சித்தப்பா வீட்டிலிருந்து மறுபடி பேச்சு மூச்சு இல்லை. அம்மாவும் போகவில்லை. ஒரு வயர்தான் இருந்தது, அதையும் வெட்டிவிட்டோமே என்று எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு பின்னேரம் இடியும் மழையும். பளீரென்று ஒரு மின்னல், கரண்ட் போனது. பழக்கதோஷத்தில் நானும் அம்மாவும் சாமி லைட்டைப் பார்த்தோம். அணைந்திருந்தது. இனி அதைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. நான் போய்ப் பெட்டியைத் திறந்தேன். எங்கள் ட்ரிப்தான் விழுந்திருந்தது. அதைத் தூக்கிவிடக் கையை வைத்தபோது உள்ளே அம்மா நடுச்சுவரைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"தம்பி! உங்களுக்குக் கரண்ட் இருக்கா?"

மழைச் சத்தத்தை மீறிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சித்தப்பாவின் குரல்.

"இருக்கு அண்ணி! அங்க இல்லியா? இருங்க, வந்து பாக்குறேன்."

சுவிட்சிலிருந்து கையை எடுத்தேன். பெட்டியைச் சத்தமில்லாமல் மூடிவிட்டு, மூன்று பேருக்குத் தேத்தண்ணீர் வைக்கப் போனேன்.